ஏழாம் சேனல்

மேடை மைக் ஏழாம் சேனலில்.
அதன்மேல் ஒட்டிய பிளாஸ்திரியில்
"ஐயர்" என்று எழுதியது நான்தான்.
அவர் ஊருக்குப் போய் ஆறு வருஷம்.
புதுப் போதகர் வந்தும்
யாரும் அதை உரிக்கவில்லை.

ரூவி. வெள்ளிக்கிழமை சாயங்காலம்.
ஏழரைக்கு அரங்கம் தெலுங்குச் சபைக்கு.
அதற்குள்
பொன்னாடை, வாழ்த்து மடல், கேடயம்,
ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளின் நடனம்.
பிரியாணிப் பொட்டலம் வெளியே, வண்டிகள் நிற்கும் இடத்தில்.
செயலாளர் செல்வின் நிமிஷக் கணக்கெழுதிய தாளைச்
சுருட்டிக் கையில் வைத்திருக்கிறார்.

எமில்டா அக்கா மடல் வாசித்தார்.
இருபத்தோரு ஆண்டு ஊழியம்.
நானூற்றுச் சொச்சம் ஞானஸ்நானம்.
அறுபத்து மூன்று கல்யாணம்.
சம்பளம் வராத கேம்ப்புகளுக்கு
அரிசி மூட்டை ஏற்றிப்போன
வெள்ளை நிசானைக்கூட விடவில்லை.
அது நின்றுபோன ராத்திரிகளில் தள்ளியவர்கள்
பின்வரிசையில் சிரித்தார்கள்.

அருமைநாயகம் ஐயர்
இறங்கிப்போன தோளில் பொன்னாடையை
நிறுத்திப் பார்த்தார். நழுவியது.
மடித்து நாற்காலியில் வைத்தார்.
கேடயத்தைத் தூரப் பிடித்துப் படித்தார்.
மைக்கைத் தட்டினார்,
எப்போதும்போல இரண்டு தட்டு.

"இதுல ஒரு கணக்கு விட்டுப்போச்சு."

சிரிக்கத் தயாரானோம்.

"வாதி கபீர் கேம்ப்புல ஒரு பையன். டைட்டஸ்.
உடன்குடிப் பக்கம். வெல்டர்.
தன்னைத்தானே முடிச்சுக்கிட்டான்.
பிணவறைக்கு ஜெபிக்கக் கூப்பிட்டாங்க.
அப்படிப் போனவனுக்கு
முறைமையில இடமில்லைன்னு சொன்னேன்.
போன்லதான் சொன்னேன்.
அன்னிக்கு வண்டி ரிப்பேர்கூட இல்ல."

ஏ.சி. ஓடும் சத்தம்.

செல்வின் என்னைப் பார்த்தார்.
உள்ளங்கையைக் கீழே அமுக்கினார்.
குறை.
மறுபடியும், வேகமாக.
கதவுக் கண்ணாடிக்கு அப்பால்
தபேலாப் பையோடு ஒருவர் வந்து நின்றிருந்தார்.

செல்வினுக்குத் தெரியாது,
அவர் மஸ்கட் வந்தே எட்டு வருஷம்.
அந்த போன் என்னுடையது.
ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.
டைட்டஸின் கட்டிலைச் சுற்றி ஐந்து பேர்.
ஐயர் வைத்த பிறகும்
திரை அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

சரக்குப் பிரிவில் எடை போட்டார்கள்.
பெட்டியோடு நூற்றுப் பன்னிரண்டு கிலோ.
கையெழுத்து நான்.
பரமண்டல ஜெபத்தை நானே ஆரம்பித்தேன்.
கடன் என்று வரும் இடத்தில் நாக்கு நின்றுவிட்டது.
அதனால்தானே செத்தான்.
மீதியை எங்கள் மெஸ் சமையல்காரர் அப்துல் கனி
கைகளை ஏந்தி
அவருக்குத் தெரிந்தபடி முடித்தார்.

அடுத்த மாதம் சபையில்
ஒலிபெருக்கிக்கு ஆள் கேட்டார்கள். சேர்ந்தேன்.
ஏன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது.
ஒன்பது வருஷம் அவர் குரலை
ஏற்றி இறக்கியிருக்கிறேன்.
இருமல் வருவது அவருக்கு முன்னே எனக்குத் தெரியும்.
இதை மட்டும் கேட்டதில்லை.

"அந்தத் தம்பிங்க இப்ப எங்க இருக்காங்களோ"
குரல் தேய்ந்துகொண்டே போனது.
"போன வருஷம் அவன் அம்மாவைப் போய்ப் பார்த்தேன்.
காப்பி குடுத்தாங்க.
நான் யாருன்னு சொல்ல வாய் வரல.
குடிச்சிட்டு வந்துட்டேன்."

செல்வின் எழுந்து
சுவரோரமாக என்னை நோக்கி வந்தார்.
கடைசி வரிசைக்குக் கேட்க
இன்னும் நாலு கோடு வேண்டியிருந்தது.

ஏற்றினேன்.

கைதட்டுவதா எழுந்து நிற்பதா என்று
யாருக்கும் தெரியவில்லை.
ஒரு குழந்தை, நடன உடுப்போடு,
தண்ணீர் கேட்டது.
ஏழு நாற்பது. கதவைத் திறந்துவிட்டார்கள்.

ஐயர் மைக்கைத் தானே கொண்டுவந்து தந்தார்.
"சத்தம் சரியா இருந்துச்சா?"
ஒவ்வொரு வெள்ளியும் கேட்ட அதே கேள்வி.
என் முகத்தில் எதையோ தேடினார்,
அல்லது கண்ணாடி இல்லாததால் அப்படிப் பார்த்தார்.

"கேட்டுச்சு ஐயா" என்றேன்.
பேட்டரியைக் கழற்ற வரவில்லை, விரல் வழுக்கியது.
அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். விடவில்லை.

மேடையில் தபேலாக்காரர்
நாற்காலியிலிருந்து பொன்னாடையைத் தூக்கிக் காட்டி
இது யாருடையது என்று
சைகையில் கேட்டுக்கொண்டிருந்தார்.